பன்னிரண்டாம் நிரை, இருபத்து மூன்றாவது மரம்

என் சன்னல் விளிம்பில் ஒரு மங்கின் பாதி கவிழ்ந்து கிடக்கிறது. மங்கு என்பது ரப்பர் மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கக் கம்பியில் மாட்டிவைக்கும் கிண்ணம். இது பழைய காலத்துப் பீங்கான். வெளியே செம்பழுப்பு, உள்ளே வெள்ளை. வாயிலிருந்து அடிவரை பிளந்திருக்கிறது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் பிளந்த ஓரத்தில் விரலை வைத்தால் கீறும். இடம் மாறும்போதெல்லாம் நான் பொருள்களை விட்டுவிட்டு வருகிறவன். சட்டைகளை விட்டிருக்கிறேன், படுத்த பாயை விட்டிருக்கிறேன், ஒருமுறை ஓடுகிற சைக்கிளையே விட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன். இதை மட்டும் விட்டதில்லை. ஆசையால் அல்ல. ஒவ்வொரு முறையும் இங்கேயே இருக்கட்டுமே என்றுதான் நினைப்பேன். பிறகு ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிடுவேன்.

இதை உடைத்தவன் நான். டிராக்டரின் பின்னால் மாட்டிய புதர்வெட்டும் மிசினால் உடைத்தேன். அந்த மிசினில் கத்தியை மாட்டினால் இப்படி நடக்கும் என்று தெரிந்து, கத்தி வேண்டாமென்று முதலில் சொன்னவனும் நான்தான். மறுபாதியை வைத்திருந்தவர் ஓர் அக்கா. அவரோடு நான் வேலை செய்தது மூன்று வாரங்கள்கூட இருக்காது. என்னோடு பல வருடம் வேலை செய்தவர்களின் முகம் எனக்கு மறந்துபோயிருக்கிறது. அந்த அக்கா மங்கைத் தூக்கிப் பார்க்கக் குனியும் விதம் மறக்கவில்லை.

நான் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அம்மா பால்வெட்டுக்காரி. விடியற்காலையில் அவள் பின்னால் போய் மங்குகளில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்து எடுப்பது என் வேலை. அம்மா போன பிறகு தோட்டத்தில் இருக்கப் பிடிக்கவில்லை. மரப்பட்டறையில் பலகை தூக்கினேன், லோரியில் மணல் ஏற்றினேன், பாகான் செராய்ப் பக்கம் வயல்காடுகளில் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அங்கே இரண்டு அறுவடை இருந்தேன். ஓரிடத்தில் அதற்கு மேல் இருக்க என் காலுக்குப் பழக்கமில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவுக்கு வந்தபோது என்னிடம் ஒரு பையும் கனரக ஓட்டுநர் உரிமமும் இருந்தன. புதர் வெட்டி நிலம் வெளுக்கும் குத்தகைக்காரர் ஒருவர் என்னை அன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டார். எல்லாரும் அவரை அண்ணே என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வேலை, ஈப்போவுக்கு வெளியே சுண்ணாம்புக்கல் மலை ஒன்றின் அடியில் இருந்த பழைய ரப்பர்த் தோட்டத்தில். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஆட்கள் போய்விட்டார்கள். மரங்களை அறுத்து விறகுக்குக் கொண்டுபோனதும் அந்த நிலத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது வீடு கட்டப் போகிறார்கள். நிலம் அளப்பவர்கள் நடக்கும்படி நாங்கள் புதரை வெட்டிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு புல்டோசர் வந்து மண்ணைப் புரட்டும்.

முதல் நாள் நானும் அண்ணேயும் தோட்டத்துச் சாலையான செம்மண் சடக்கில் நின்று பார்த்தோம். லாலான் புல் தோளுக்கு நின்றது. அதற்கு மேல் கொடி. கொடிக்குள்ளே விதை தெறித்துத் தானாய் முளைத்த கித்தா, அதாவது ரப்பர்க் கன்றுகள், மணிக்கட்டுப் பருமன். சடக்கிலிருந்து நிலம் மெல்லச் சரிந்து ஓர் ஓடைக்கு இறங்கியது. ஓடைக்கு அப்பால் மலை, வெள்ளையாய், சுவர்போல. காற்று இல்லை. ஆனாலும் புதரில் ஓரிடம் அசைந்துகொண்டிருந்தது. சற்று நேரம் கழித்து அதற்குள்ளிருந்து ஒரு பெண் வந்தார். கையில் பாராங் என்னும் வெட்டுக்கத்தி, தலையில் துண்டு, முழங்கைவரை பழைய சட்டை. நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"அண்ணே, மிசினுக்கு முன்னால போயி கம்பி, கல்லு பாக்க ஆளு வேணுமில்ல? நான் வாரேன்" என்றார்.

"ஏம்மா, இது பொம்பள செய்யிற வேலையா லா? பாம்பு கெடக்கும்."

"நான் இந்தத் தோட்டத்துல பதிமூணு வருசம் புல்லு வெட்டுனவ. பாம்புக்கு என்னயத் தெரியும்."

அண்ணே சிரித்துவிட்டார். அக்கா வேலையில் சேர்ந்தது அப்படித்தான்.

மிசினை ஈப்போவில் ஒரு சீனரின் பட்டறையில் எடுத்தோம். அக்கா குனோங் ராபாட்டில் தங்கை வீட்டுப் பின்னறையில் குடியிருந்தார். அதே வழி என்பதால் லோரியில் அவரும் இருந்தார். பட்டறை முதலாளியான தௌக்கே தோட்டத்து ஆட்களிடம் வியாபாரம் செய்தே முடி நரைத்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். முற்றத்தில் இருந்த மிசின்களைத் தட்டித் தட்டிக் காட்டினார். முதலில் நீண்ட உருளை ஒன்று. அதில் சுத்தியல் தலை போன்ற சிறிய வெட்டிகள் வரிசையாகத் தொங்கின. அது எதையும் வெளியே எறியாது, தரையோடு தரையாய் நொறுக்கும். திடலுக்கும் சாலையோரத்துக்கும் அதுதான் நல்லது. ஆனால் முள்கம்பி ஒன்று மாட்டினால் உருளையைச் சுற்றிக்கொண்டு அரை நாளை விழுங்கிவிடும். பழைய தோட்டம் என்றால் காலடிக்குக் காலடி கம்பிதான். அண்ணேயே அதை வேண்டாமென்று தலையாட்டினார்.

அடுத்தது ஸ்லாஷர். கவிழ்த்துப் போட்ட பெரிய இரும்புச் சட்டி என்று நினைத்துக்கொள்ளலாம். டிராக்டருக்குப் பின்னால் சுழலும் தண்டு சட்டியின் தலையிலுள்ள பெட்டியைச் சுற்றும். சட்டிக்கு அடியில் இருப்பது புதரை வெட்டும். அடியில் மாட்டுவதற்கு இரண்டு வகை. ஒன்று, உள்ளங்கை அகலத்தில் இரண்டு கத்திகள். மணிக்கட்டுப் பருமன் கன்றை ஒரே வீச்சில் சீவிவிடும். ஆனால் அடிக்கட்டையில் மோதினால் வளையும், இல்லை முறியும். முறிந்த கத்தித் துண்டு ஒன்று தென்னைமரத்தில் குத்தி நின்றதை நான் பாகான் செராயில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கத்திக்குப் பதிலாகக் கனத்த சங்கிலித் துண்டுகள். சுழலும்போது விறைத்து நிற்கும். கட்டையில் பட்டால் மடங்கி, வழுக்கி, மறுபடி விறைக்கும். அது வெட்டாது, கிழிக்கும். தண்டுகள் நார் நாராய் நிற்கும். ஒரே இடத்தில் இரண்டு தடவை போக வேண்டும்.

"கத்தியே போட்டுக்கலாம் லா. சுருக்கா முடியும்" என்றார் அண்ணே.

அக்கா சட்டிக்கு அடியில் குனிந்து கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே கேட்டார். "தம்பி, இதுல எது மங்க ஒடைக்காது?"

தௌக்கே விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, நீ காடு வெட்ட போறியா, மங்கு கழுவ போறியா?"

அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மங்கு மண்ணில் பாதி புதைந்து கிடந்தால் சங்கிலி அதன் முதுகில் வழுக்கிக்கொண்டு போய்விடும், கத்தி விடாது. இதை அவரிடம் சொல்லவில்லை. அண்ணேயிடம், "சங்கிலி போதும்ணே. பன்னண்டு அடிக்கு ஒரு கட்டை கெடக்கு. கத்தி தாங்காது" என்றேன். அது பொய்யில்லை. கட்டைக்காகத்தான் சொன்னேன் என்றால் அதுதான் பொய். தௌக்கே கத்திகளையும் ஒரு சாக்கில் சுற்றி லோரியில் போட்டார். "சங்கிலி ஸ்லோ லா. நாளைக்கு என்னய ஏசுவீங்க" என்றார்.

சங்கிலி சத்தம் வேறு மாதிரி. கத்தி ஒரே சுருதியில் பாடும். சங்கிலி யாரோ பல்லைக் கடிப்பது போல இருக்கும். அந்தச் சத்தத்தோடு நாங்கள் முதலாம் நிரையிலிருந்து தொடங்கினோம். நிரை என்பது மர வரிசை. மரம் போய்விட்டாலும் அடிக்கட்டைகள் முழங்கால் உயரத்தில் உளுத்து நின்றன. சடக்கிலிருந்து ஓடைவரை நேர்கோடாக, ஐம்பது அறுபது கட்டைகள். அக்கா முன்னால் போவார். கம்பி கிடந்தால் இழுத்துப் போடுவார், கல் கிடந்தால் வெள்ளைத் துணி கட்டுவார். மங்கு கிடந்தால் குனிவார். நிமிர்ந்து கிடக்கும் மங்கை அவர் தொடவே மாட்டார். கவிழ்ந்து கிடப்பதை மட்டும் தூக்கிப் பார்ப்பார், அடியில் மண்ணை விரலால் கிளறுவார், பிறகு அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவார். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். வெட்டி முடித்த நிரைகளில் அப்படி நிமிர்ந்த மங்குகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு வரிசையாகக் கிடக்கும். மறுநாள் காலையில் வந்தால் சில மீண்டும் கவிழ்ந்திருக்கும். காட்டுப்பன்றி புரட்டியிருக்கும் என்றார் அண்ணே. பன்றியின் கால்தடம் எதையும் நான் பார்க்கவில்லை. தேடவும் இல்லை.

மதியம் டிராக்டரை நிறுத்திவிட்டு லோரி நிழலில் சோறு சாப்பிடுவோம். அக்கா இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு எழுந்து, இன்னும் வெட்டாத புதருக்குள் நுழைந்துவிடுவார். அவரைப் பார்க்க முடியாது. குரல் மட்டும் கேட்கும். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." சடக்குப் பக்கமிருந்து உள்ளே எண்ணிக்கொண்டே போவார். ஓடைக்கு அப்பால் இருந்த மலை ஒவ்வொரு எண்ணையும் வாங்கித் திருப்பிச் சொல்லும். இங்கே அக்கா "பத்து" என்றால் அங்கே ஓடைப் பக்கமிருந்து மெலிசாய் "பத்து" என்று வரும். மலையின் குரல் அக்காவின் குரலைவிடச் சின்னதாக இருந்தது. எதிரொலி அப்படித்தான் இருக்கும். ஒருநாள் அக்கா பதினெட்டுச் சொல்லிவிட்டு இருமினார். அந்த இடைவெளியில் பத்தொன்பது என்று எனக்குக் கேட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

"பைத்தியம் கிய்த்தியமா லா இது?" என்று அண்ணே என்னிடம் கிசுகிசுத்தார்.

அன்று மாலை, மிசினிலிருந்து கொடிகளை அறுத்துக்கொண்டிருந்தபோது நான் அக்காவையே கேட்டேன். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். இருபது வருடத்துக்கு முன்னால் இங்கே தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தபோது ஒரு பெண் குழந்தை பிறந்து பதினோராம் நாள் இறந்துவிட்டது. அவர்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பால்குடி மறக்காத பிள்ளை செத்தால் இடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பால் மரத்தடியில் புதைப்பார்கள். பால் குடிக்கிற பிள்ளை பால் மரத்தோடு இருக்கட்டும் என்று. கல் வைப்பதில்லை. அந்த மரத்தின் மங்கைக் கழற்றி மேலே கவிழ்த்து வைத்துவிடுவார்கள். மங்கு கவிழ்ந்திருந்தால் அந்த மரத்துக்கு அன்று வெட்டு இல்லை, ஓய்வு என்று எல்லாப் பால்வெட்டுக்காரருக்கும் தெரியும்.

"பெத்த தாயி கூடப் போகக் கூடாது. எங்க வீட்டுக்காரரு பால் வெட்டுறவரு, அவருதான் தூக்கிட்டுப் போனாரு" என்றார் அக்கா. "வந்து சொன்னாரு, ஏழாம் நம்பரு தீம்பாருல என்னோட பன்னண்டாவது நெறை, இருவத்து மூணாவது மரம்னு. அடுத்த மாசமே சுங்கை சிப்புட் பக்கம் தோட்டம் மாறிட்டோம். போயிப் பாக்கலாம்னு எத்தனையோ தடவ கேட்டேன். அங்க என்னா இருக்கு பாக்கன்னுட்டாரு. சாகறப்ப மட்டும் அதத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு. பன்னண்டு, இருவத்து மூணு. பன்னண்டு, இருவத்து மூணு."

"பேரு?"

"பதினாறாம் நாளுதானே தம்பி பேரு வைப்பாங்க. பேரு இல்ல. நம்பருதான் இருக்கு."

தீம்பார் என்பது பால் வெட்டும் காடு; ஏழாம் நம்பர் நாங்கள் வெட்டிக்கொண்டிருந்த இதே நிலம்தான். புல்டோசர் வருவதற்குள் அந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணாவது எடுத்துவிட வேண்டும். அக்கா வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். அண்ணேயிடம் சொல்ல வேண்டாம் என்றார். நான் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நிரைக்கு வந்த அன்று நான் மிசினைத் தூக்கி வைத்துக்கொண்டு, சடக்கிலிருந்து இருபதாவது கட்டைவரை ஓட்டி நிறுத்தினேன். மிச்சத்தை இருவரும் கையாலேயே வெட்டினோம். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. கட்டை உளுத்து உள்ளே எறும்பு கட்டியிருந்தது. அடியில் மங்கு இல்லை. பக்கத்துக் கட்டைகளைப் பார்த்தோம். பதினொன்றாம் நிரை, பதின்மூன்றாம் நிரை பார்த்தோம். எங்கேயும் இல்லை. அக்கா வெகுநேரம் குந்தியிருந்தார்.

"நம்பரு தப்பாகாது. மங்கத்தான் பன்னி தூக்கிட்டுப் போயிருச்சு" என்றார் கடைசியில். பாராங் நுனியால் அங்கே கிளறி, சோற்றுத் தூக்கின் மேல்தட்டில் மண்ணை அள்ளி மூடிக்கொண்டார். அவர் முகம் தெளிந்திருந்தது. அன்று மதியம் முழுச் சோற்றையும் சாப்பிட்டார். எண்ணப் போகவில்லை. அத்தனை நாளில் முதல் முறையாகப் புதர் சத்தமில்லாமல் இருந்தது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

மறுநாள் அண்ணே புல்டோசர்க்காரரைப் பார்த்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை இறக்கப் போகிறார்களாம். ஓடையோரம் முழுக்க இன்னும் வெட்டாமல் கிடந்தது. ஈரத்தில் கன்றுகள் அங்கேதான் தடிப்பு. சங்கிலி அவற்றை நாராய்க் கிழித்து அப்படியே நிறுத்திவிட்டுப் போனது.

"போதும் லா ஒஞ்சங்கிலி. கத்திய மாட்டு" என்றார் அண்ணே.

நான் தயங்கவில்லை. தேடவேண்டிய இடத்தைத் தேடியாயிற்று. அக்காவுக்கு மண் கிடைத்துவிட்டது. சாக்கைப் பிரித்து, கத்திகளை எடுத்து, சங்கிலி இருந்த இடத்தில் மாட்டி முறுக்கினேன். அக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

ஓடைக்கரையில் டிராக்டரைத் திருப்பி, மேல்நோக்கி வெட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு நிரையாக. வேலை வெண்ணெய்போலப் போயிற்று. பன்னிரண்டாம் நிரையின் ஓடைப்பக்கத்துக்கு வந்தபோது கட்டைகளை ஒட்டியே வந்தேன். சிறிது தூரத்தில் பழைய கம்பி ஒன்று தண்டில் சுற்றிக்கொண்டது. இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். வெயில் மலைமேல் வெள்ளையாய் அடித்துக் கண்ணைக் கூச வைத்தது. நான் குனிந்து கம்பியை அறுத்துக்கொண்டிருக்கும்போது அந்த எண்ணிக்கை கேட்டது. எனக்குப் பின்னாலிருந்து, ஓடைப் பக்கமிருந்து. அவசரமில்லாமல், நடந்துகொண்டே எண்ணுவது போல.

"பத்தொம்பது... இருவது..."

அக்கா மறுபடி தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். கம்பியைப் பிடுங்கி எறிந்தேன். "இருவத்தொண்ணு" என்று கேட்டபோது ஏறி உட்கார்ந்துவிட்டேன். சாவியைத் திருப்பினேன். இயந்திரச் சத்தத்தில் மற்றது மூழ்கியது. டிராக்டர் இரண்டு கட்டை தூரம் போயிருக்கும். சட்டிக்கு அடியில் ஒரு சத்தம். கல்லில் பட்டால் வரும் சத்தமல்ல. தட்டு உடைகிற சத்தம். வீட்டுக்குள் கேட்கிற சத்தம்.

இறங்கிப் போனேன். சீவிய தழைகளை ஒதுக்கினேன். கட்டையின் காலடியில் மங்கு இரண்டாகப் பிளந்து கிடந்தது. வெள்ளையான உள்பக்கம் ஈரமாகப் பளிச்சென்று இருந்தது, நேற்றுக் கழுவி வைத்ததுபோல. அது கிடந்த இடத்தில் மண் வட்டமாக, புல் முளைக்காமல், வெளுத்து இருந்தது.

நான் ஓடைக்குத் திரும்பி நடந்து கட்டைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். எண்ணுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. இருபத்து மூன்று.

பால்வெட்டுக்காரன் முதல் நிரையைச் சடக்கிலிருந்து வெட்டிக்கொண்டு ஓடைக்குப் போவான். வெறுமனே திரும்பி நடக்க அவனுக்கு நேரம் இல்லை. இரண்டாம் நிரையை ஓடையிலிருந்து வெட்டிக்கொண்டு சடக்குக்கு வருவான். போக ஒன்று, வர ஒன்று. அவனுடைய பன்னிரண்டாம் நிரையில் முதல் மரம் ஓடைக்கரையில் நிற்கிறது. அக்காவுக்கு அது தெரியாது. அவர் புல் வெட்டும் கூட்டத்தில் இருந்தவர். அவர்களுக்கு எல்லா நிரையும் சடக்கிலிருந்துதான் தொடங்கும். ஆனால் நான் பால்வெட்டுக்காரி பிள்ளை. அம்மாவின் பின்னால் போக ஒன்று, வர ஒன்று என்று எத்தனை காலைகள் நடந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அக்கா அந்த எண்களைச் சொன்ன மாலையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

மேலே பார்த்தேன். அக்கா அவ்வளவு தூரத்தில் லோரிக்குப் பக்கத்தில் குந்தி, தேநீருக்கு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். அண்ணே டயரில் சாய்ந்திருந்தார். புதருக்குள் போகும் ஆள் வேறு யாரும் எங்களிடம் இல்லை.

இரண்டு பாதிகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லாமல் விட்டுவிடலாம். அக்காவிடம் மண் இருக்கிறது, அதை அவர் நம்பிவிட்டார். சோறு சாப்பிடுகிறார். திங்கட்கிழமை எல்லாம் புரண்டுவிடும். இதை நான் ஓடையில் எறிந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்படி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு கையைத் தூக்கிக் கூப்பிட்டேன்.

அக்கா வந்தார். உடைந்த மங்கைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். நான் போக ஒன்று, வர ஒன்று என்று சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, இப்ப நீங்க எண்ணுனீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எங்க எண்ணுனேன்? அடுப்பு ஊதிக்கிட்டுல்ல இருந்தேன்."

அவர் மண்டியிட்டுப் பாராங் நுனியால் தோண்டினார். ஒரு முழம் போயிருக்கும். எலும்பு எதுவும் இல்லை. அந்த மண்ணில் அது மிஞ்சாது. உளுத்த வேருக்கு இடையில் கருமணிகள் சில கிடந்தன, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக. அக்கா ஒன்றை எடுத்து எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார்.

"நான் கோத்துக் கட்டுனது" என்றார்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. உடைந்த மங்கு கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இத்தன வருசம் தூங்குனவ. சத்தம் கேட்டு முழிச்சிருப்பா." பிறகு உள்ளங்கையால் அந்த வட்டமான மண்ணைத் தட்டினார். மெல்ல, ஒரே தாளத்தில், பிள்ளையைத் தூங்க வைக்கிறவர்கள் தட்டுவது போல. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மலை அந்தச் சத்தத்தைத் திருப்பித் தரவில்லை. அவ்வளவு சின்னச் சத்தத்தை எந்த மலையும் தராது.

அதற்குள் அண்ணே இறங்கி வந்தார். "என்னா லா, மிசின் நின்னு போச்சு?" என்று தூரத்திலேயே சத்தம் போட்டார். கிட்ட வந்து பார்த்தவர், காலிலிருந்த சிலிப்பரைக் கழற்றினார். நான் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் சரிவைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் வெட்டி முடித்த நிரைகள், அவற்றில் கிடக்கும் மங்குகள் எல்லாவற்றையும்.

"மிச்சத்துக்குச் சங்கிலியே போட்டுக்க" என்றார். "வேற எத்தன பேரு இருக்காங்களோ."

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து நான் யோசிப்பது அதைத்தான். சங்கிலி மாட்டியிருந்தால் மங்கு உடைந்திருக்காது. அதன் முதுகில் வழுக்கிக்கொண்டு போயிருக்கும், மேலே நார்த்தழை மூடியிருக்கும், நானும் கடந்து போயிருப்பேன். நல்லது என்று நான் தேர்ந்தெடுத்த மிசின் அந்தப் பிள்ளையைக் காட்டியிருக்காது. வேண்டாமென்ற கத்திதான் காட்டியது. அப்படியானால் அதற்கு முன்னால் சங்கிலியோடு நான் ஓட்டிய இடங்களில் எதன்மேல் போனேன்? அக்கா கண்ணுக்குத் தப்பியவை எத்தனை? தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அக்கா புது மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டார், கருமணிகளோடு. பிறகு லோரிக்குப் போய்ச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, சடக்குப் பக்கத்து இருபத்து மூன்றாவது கட்டைக்கு நடந்தார். மேல்தட்டைத் திறந்து, முந்தின நாள் அள்ளிய மண்ணை எடுத்த இடத்திலேயே கொட்டினார்.

"இது யாரு மண்ணோ. வீட்டுக்குக் கொண்டுபோகப் பாத்தேன்" என்றார்.

மங்கின் ஒரு பாதியை அவர் வைத்துக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினார். எனக்கு வேண்டாமென்றேன். "ஒடைச்சவன் ஒரு பாதி வச்சுக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேலை பங்கிடுகிற மாதிரி சொன்னார்.

திங்கட்கிழமை புல்டோசர் வந்தது. அந்த வாரமே நான் வேலையை விட்டேன். தஞ்சோங் மாலிமில் ஒரு பட்டறையில் சில மாதம், பிறகு தெற்கே, பிறகு வேறெங்கோ.

நான்கைந்து வருடம் கழித்து ஈப்போ வழியாகப் போனபோது குனோங் ராபாட்டில் அந்தப் பின்னறையைத் தேடிப் போனேன். அக்கா மெலிந்திருந்தார். "வா தம்பி, பசியாறிட்டியா?" என்றார், நேற்றுப் பிரிந்ததுபோல. வாசலில் ஒரு பூச்சட்டி இருந்தது. அதில் செடி இல்லை, மண் மட்டும். மண்ணின் மேல் அவருடைய பாதி மங்கு கவிழ்ந்திருந்தது. நான் பையிலிருந்து என் பாதியை எடுத்தேன். அவர் அதை வாங்கித் தன்னுடையதோடு சேர்த்துப் பிடித்தார். பிளவு பொருந்தியது. ஆனால் வாயோரத்தில் நகம் அளவுக்கு ஒரு சில்லு குறைந்தது. அன்று நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அது அங்கேயே கிடந்திருக்கிறது.

"போயித் தேடவா முடியும்" என்றேன். அங்கே அப்போது வரிசை வீடுகள் எழுந்துவிட்டன.

அக்கா ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது அவளுக்கு. இருக்கட்டும்" என்றார். என் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். எனக்கு வயதாகிவிட்டது, மகன் முறை உள்ள ஒரு பையன் காரில் கொண்டுபோய் விட்டான். மலையைக் கல்லுடைப்புக்காரர்கள் பாதி தின்றுவிட்டார்கள். ஓடை சிமெண்ட் வாய்க்காலாகிவிட்டது. வீடுகள் நிரை நிரையாகத்தான் நிற்கின்றன, நேர்கோடாக. வாய்க்கால் பக்கமிருந்து நடந்து, ஒவ்வொரு கேட்டாக எண்ணினேன். மரமும் கேட்டும் ஒரே இடைவெளியில் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய்விட்டே எண்ணினேன். மதிய நேரம், தெருவில் யாரும் இல்லை. இருபத்திரண்டு வரை சொல்லிவிட்டு நிறுத்தினேன். அடுத்ததை நான் சொல்லாமல் நின்றேன். மலை இருந்த பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

பையன் காரிலிருந்து கூப்பிட்டான். "என்னா பெரிப்பா, வீடு தேடுறீங்களா?"

"இல்ல லா. போலாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சன்னலைத்தான் பார்த்தேன். மங்கு வைத்தபடியே கவிழ்ந்திருந்தது. கூட்டிப் பெருக்குகிற பெண் சில நாள் அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. அவள் போன பிறகு எழுந்து போய் மறுபடி கவிழ்த்து வைப்பேன். இன்றைக்கு வெட்டு இல்லை.